சிரோதாரை: நெற்றியில் விழும் எண்ணெயும் எமது நித்திரையும்

ஹவுன்ஸ்லோவிலும் அதன் அயலிலும் உள்ள ஆயுர்வேத நிலையங்களின் விளம்பரங்களில் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறோம். ஒருவர் கண்மூடி மல்லாந்து படுத்திருப்பார். தலைக்கு மேலே தொங்கும் செப்புப் பாத்திரத்திலிருந்து எண்ணெய் ஒரு நூல்போல நெற்றியில் விழுந்துகொண்டிருக்கும். இந்தச் சிகிச்சையின் பெயர் சிரோதாரை. சிரம் என்றால் தலை, தாரை என்றால் இடையறாது ஒழுகுவது.

எமது வீடுகளில் இதைப் பற்றி எழும் கேள்விகள் பெரும்பாலும் நித்திரையைப் பற்றியவை. ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு இரவில் கண் மூடுவதில்லை, இதைச் செய்வித்தால் சரிவருமா? ஹீத்ரோவில் இரவு வேலை செய்துவிட்டு வருகிற கணவருக்குத் தலையிடி, நல்லதா? பிரஷர் குளிசையை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடலாம்: நிறுத்தக்கூடாது. மற்றவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்லவேண்டும்.

பாத்திரமும் திரியும்

சிவன் கோயில்களில் கோடை வெயில் கொளுத்தும் அக்கினி நட்சத்திர நாட்களில் இலிங்கத்தின் மேல் தாராபாத்திரம் கட்டித் தொங்கவிடுவதை எம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அடியில் துளையுள்ள பாத்திரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சிரோதாரைக்கான சட்டியும் ஏறக்குறைய அதே அமைப்புத்தான். வாய் அகன்ற சட்டி, ஏறத்தாழ இரண்டு லீற்றர் பிடிக்கும். அதன் அடியில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவில் ஒரு துளை. துளையிட்ட சிரட்டை ஒன்றைச் சட்டிக்குள் கவிழ்த்துவைத்து, இரண்டு துளைகளுக்கும் ஊடாக நூல்திரியை இறக்குவார்கள். எண்ணெய் குபுகுபுவென்று கொட்டாமல் ஒரே சீராக இறங்குவதற்கே இந்தச் சிரட்டை. திரியின் நுனிக்கும் நெற்றிக்கும் இடையில் நான்கு விரற்கடை தூரம் இருக்கவேண்டும் என்பது பழைய கணக்கு. அதைவிட உயர்ந்தால் விழுகிற வேகம் உறுத்தும்.

கேரளத்தில் இதற்கென்று தாராப்பாத்தி எனப்படும் மரக்கட்டில் உண்டு. தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும், ஓரங்களில் எண்ணெய் வழிந்தோட வாய்க்கால் வெட்டியிருக்கும். வழிந்த எண்ணெயைக் கீழே ஏந்தி, சுடுநீரில் வைத்து இளஞ்சூடாக்கி, மறுபடியும் சட்டியில் ஊற்றுவார்கள். ஒருவர் சட்டியை மெல்ல அசைத்துக்கொண்டிருக்க, மற்றவர் எண்ணெயைச் சூடாக்கிக் கொடுப்பார். ஆகவே முறையாகச் செய்தால் இரண்டுபேர் வேலை. 30 முதல் 45 நிமிடங்கள் வரை நீளும், பெரும்பாலும் 7 அல்லது 14 நாட்கள் தொடரும். ஒரு தடவை மட்டும் செய்து அனுப்பிவைப்பது இலண்டனிலும் சுற்றுலா விடுதிகளிலும் வந்த வழக்கம். அதில் சுகம் உண்டு, ஆனால் வைத்தியர்கள் சிகிச்சை என்று சொல்வது அதை அல்ல.

எண்ணெயை மாற்றுவதற்கும் கணக்கு வைத்திருந்தார்கள். ஏழு நாள் சிகிச்சையானால் எண்ணெயை இரண்டாகப் பிரித்து முதல் மூன்று நாளுக்கு ஒரு பங்கு, அடுத்த மூன்று நாளுக்கு மறுபங்கு, ஏழாம் நாள் இரண்டையும் சேர்த்து, பிறகு கொட்டிவிடுவது. பாலில் செய்யும் தாரைக்கு ஒவ்வொரு நாளும் புதுப்பால். இங்கே கவனிக்கவேண்டியது, அந்த எண்ணெய் ஒரே ஆளுக்குரியது என்பதுதான். ஒருவரின் தலையிலிருந்து வழிந்ததை அடுத்தவருக்கு ஊற்றுவது எந்த வைத்திய மரபிலும் இல்லை. இலண்டனில் மூலிகைத் தைலம் விலை கூடியது, ஆசை யாரையும் விடாது. எனவே "இது எனக்குப் புதிதாகத் திறந்த எண்ணெயா?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கிருந்து வந்தது

தலையில் எண்ணெய் பயன்படுத்தும் வழிகள் நான்கு என்று வாகபடரின் அட்டாங்க இருதயம் வகுக்கிறது: தேய்ப்பது, ஒழுகவிடுவது, எண்ணெயில் நனைத்த பஞ்சை உச்சியில் வைப்பது, தலையைச் சுற்றித் தோல் வளையம் கட்டி அதற்குள் எண்ணெயை நிறுத்திவைப்பது. ஒன்றைவிட அடுத்தது வலுக்கூடியது என்பது அந்நூலின் கருத்து. ஒழுகவிடும் முறையைத் தனிக்கலையாக வளர்த்தவர்கள் கேரள வைத்தியர்கள். தாராகல்பம் என்று இதற்கே தனிச் சமஸ்கிருத நூல் அங்கே உண்டு. பி. எஸ். வாரியர் 1902 இல் கோட்டக்கல்லில் தொடங்கிய ஆரிய வைத்தியசாலை போன்ற நிறுவனங்கள் வழியாகத்தான் இந்த முறைகள் கேரளத்துக்கு வெளியே பரவலாகத் தெரியவந்தன.

எமது சித்த வைத்தியத்தில் தொக்கணம், ஒற்றடம், வேது, பற்று, நசியம் என்று 32 புறமருத்துவ முறைகள் சொல்லப்படுகின்றன. இன்றைய சித்த வைத்தியசாலைகள் சிலவற்றில் தாரையும் செய்கிறார்கள். இலங்கையில் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்த, யூனானி, சுதேச வைத்தியங்கள் எல்லாவற்றையும் "ஆயுர்வேதம்" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டது. அதனால் ஊரில் "ஆயுர்வேத ஆஸ்பத்திரி" என்ற பலகையின் கீழ் சித்த வைத்தியர் இருப்பதும், இங்கே வந்தபின் எது எங்கள் மரபு என்ற குழப்பம் எழுவதும் இயல்பு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவம் கைதடியில் நிலைகொண்டிருப்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே.

எண்ணெய்க்கு அடிப்படை நல்லெண்ணெய். அதிலே மூலிகை காய்ச்சிய தைலங்கள் பல. அதிகம் கேள்விப்படுவது க்ஷீரபலா: நல்லெண்ணெய், பால், பலா வேர். பலா என்றவுடன் பலாப்பழத்தை நினைக்கவேண்டாம், அது ஒரு சிறு செடிக்குச் சமஸ்கிருதத்தில் உள்ள பெயர். வல்லாரை, நீர்ப்பிரமி போன்றவை சேர்ந்த பிராமித் தைலங்களும் உண்டு. எண்ணெய்க்குப் பதிலாக மோர் ஒழுகவிடுவது தக்கிரதாரை. கோரைக்கிழங்கு போட்டுக் காய்ச்சிய பாலைத் தோய்த்து, கடைந்து, நெல்லிக்காய்க் கஷாயம் கலந்து செய்வார்கள். உடம்பில் சூடு கூடியவர்களுக்கு மோர், வறட்சி கூடியவர்களுக்கு எண்ணெய் என்று வைத்தியர் பிரித்துச் சொல்வார். எல்லோருக்கும் ஒரே போத்தலைத் திறக்கிற இடத்தில் இந்தப் பிரிப்பை எதிர்பார்க்க முடியாது.

ஆய்வுகள் சொல்வது

இந்தச் சிகிச்சையைப் பற்றிய ஆய்வுகள் உண்டு, ஆனால் எல்லாம் சிறியவை. ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு வேடிக்கையான சிக்கலைச் சந்தித்தார்கள். எண்ணெய் ஊற்றும் கை ஆளுக்கு ஆள் மாறினால் அளவீட்டை நம்பமுடியாது. ஆகவே ஒரே வேகத்தில், ஒரே சூட்டில் எண்ணெய் ஊற்றும் ரோபோ ஒன்றை வைத்து ஆய்வு செய்தார்கள். 2008 இல் வெளியான அவர்களின் ஆய்வில் 16 ஆரோக்கியமான பெண்கள் பங்கெடுத்தனர். பதற்றம் குறைந்தது, பாதத்தின் தோல் சூடு கூடியது, அதாவது உடம்பு ஓய்வு நிலைக்குப் போனது என்பது முடிவு. அமெரிக்காவில் நித்திரையின்மை உள்ள 10 பேருக்குத் தொடர்ந்து ஐந்து நாள் பிராமித் தைலத்தால் செய்து 2014 இல் வெளியிட்ட ஆய்வும் முன்னேற்றத்தைக் காட்டியது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை.

எமக்கு முக்கியமாகப் படுவது 2016 இல் ஜப்பானில் இருந்து வந்த மூன்றாவது ஆய்வு. நித்திரைக் குறைபாடுள்ள 20 பேருக்கு ஒரு முறை இளஞ்சூட்டு நல்லெண்ணெயும், இடைவெளி விட்டு மறுமுறை வெறும் இளஞ்சூட்டு நீரும் ஒழுகவிட்டார்கள். ஒவ்வொன்றும் அரைமணி நேரமாக ஏழு தடவைகள். நல்லெண்ணெயோடு நித்திரை கூடுதலாக முன்னேறியது. மூலிகை எதுவும் சேராத வெறும் எள்ளெண்ணெய்! எமது சமையலறையில் இருக்கிற அதே பொருள். இருபது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரமுடியாது, ஆனால் விலைகூடிய அரிய தைலம் இல்லாவிட்டால் பலனில்லை என்று சொல்லுபவரிடம் இதைச் சொல்லலாம்.

நெற்றியில் ஒரே இடத்தில் மென்மையான சூடு படுவது, கண்ணுக்கு வேலையில்லாதது, யாரோ ஒருவர் முக்கால் மணிநேரம் எம்மைப் பார்த்துக்கொள்வது, தொலைபேசி கையில் இல்லாதது. இவற்றில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். பிள்ளைகள், வேலை, வீட்டுக் கடன் என்று ஓடுகிற ஒரு தாய்க்கு முக்கால் மணிநேரம் அசையாமல் கிடக்க அனுமதி கிடைப்பதே பெரிய விடயம் என்பது எமது எண்ணம். அதற்காகச் செய்பவரை நாம் தடுக்கமாட்டோம்.

எமக்கு ஏன் நித்திரை வருவதில்லை

மேற்குக் காற்று வீசும் நாட்களில் ஹீத்ரோவில் இறங்கும் விமானங்கள் ஹவுன்ஸ்லோ வீட்டுக் கூரைகளுக்கு மேலால்தான் தாழ்ந்து போகின்றன. முதல் விமானங்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்னரே வரத் தொடங்கிவிடும். அதே விமான நிலையத்தில் மாறிமாறி வரும் நேரமுறைகளில் வேலை செய்பவர்களும் எம்மவரே. சத்தமும் நேரமுறையும் கெடுக்கிற நித்திரையை எண்ணெய் சீராக்காது. அதேபோலக் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர், தைரொயிட் குறைபாடுள்ளவர், மாதவிடாய் நிற்கும் வயதில் வியர்த்து விழித்துக்கொள்ளும் பெண் ஆகியோருக்கு முதலில் தேவை குடும்ப வைத்தியரின் பரிசோதனை. மாதக்கணக்காக நித்திரை இல்லாதவர்களுக்கு இந்த நாட்டில் முதலில் பரிந்துரைப்பது குளிசையை அல்ல. படுக்கும் பழக்கங்களையும் எண்ணங்களையும் திருத்தப் பழக்கும், சிபிடி எனப்படும் பேச்சுச் சிகிச்சையைத்தான்.

இன்னொரு வகை நித்திரையின்மை இருக்கிறது. அதைப் பற்றி எமது வீடுகளில் பகலில் கதைப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' நூல் போர் எமது மக்களின் மனங்களில் விட்டுச்சென்ற காயங்களைப் பதிவு செய்தது. எம்மவர் மனத்துயரை மனத்துயர் என்று சொல்வது குறைவு. தலையிடி, நெஞ்சுபாரம், உடம்பெல்லாம் எரிவு, நித்திரையின்மை என்று உடம்பின் மொழியில்தான் சொல்வார்கள். தலைக்குச் செய்யும் சிகிச்சையை எம்மவர் தேடிப்போவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். தலையில்தானே பாரம்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை அவசியம். சிரோதாரையில் ஒருவர் மல்லாந்து படுக்கிறார். கண்களைப் பஞ்சாலோ துணியாலோ மூடுகிறார்கள். அசையக்கூடாது. தலைமாட்டில் முகம் தெரியாத ஒருவர் நிற்கிறார். நெற்றியில் திரவம் விழுந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலானோருக்கு இது சுகம். ஆனால் தடுப்பிலும் விசாரணையிலும் இருந்தவருக்கு, கண்கட்டப்பட்டவருக்கு, தலையில் பை கட்டப்பட்டவருக்கு, இந்த ஒவ்வொரு அம்சமும் வேறொன்றை நினைவுக்குக் கொண்டுவரக்கூடும். எண்ணெயின் மணம்கூடப் போதும். படுக்கையில் இருந்து பதறி எழும்பினால் "உங்கள் உடம்பு சிகிச்சையை ஏற்கவில்லை" என்று சொல்லப்படலாம். ஏற்காதது உடம்பு அல்ல, நினைவு.

இதனால் அத்தகையவர்கள் இதைச் செய்யவே கூடாது என்றில்லை. கண்ணை மூடாமல் செய்யக் கேட்கலாம். கை உயர்த்தினால் உடனே நிறுத்தவேண்டும் என்று முதலே பேசிவைக்கலாம். வீட்டார் ஒருவர் அறைக்குள் இருக்கலாம். என்ன நடந்தது என்று விபரம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை, "எனக்குக் கண் மூடிப் படுப்பது சரிவராது" என்ற ஒரு வசனம் போதும். அதை மதிக்காத இடத்தில் செய்யவேண்டாம்.

இந்தக் காயங்களுக்குரிய சிகிச்சைகளும் இலண்டனில் உண்டு. 1985 இல் தொடங்கப்பட்ட, இப்போது ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர் எனப்படும் தொண்டு நிறுவனம் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கானது. எம்மவர் பலர் அதன் உதவியைப் பெற்றிருக்கிறார்கள். என்எச்எஸ் டோக்கிங் தெரப்பீஸ் சேவைக்கு 18 வயதுக்கு மேற்பட்ட எவரும் குடும்ப வைத்தியரின் கடிதம் இன்றித் தாமே விண்ணப்பிக்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். உறவினர் ஒருவரை மொழிபெயர்க்க வைப்பதைவிட இது நல்லது. மகனுக்கு முன்னால் தாய் சொல்லாத விடயங்கள் உண்டு. உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் 111 ஐ அழைத்து 2 ஐ அழுத்தவேண்டும். உடனடி ஆபத்தென்றால் 999.

கதவைத் தட்டுமுன்

"ஆயுர்வேத வைத்தியர்" என்ற பெயருக்குப் பிரித்தானியாவில் சட்டப் பாதுகாப்பு இல்லை. இந்தியாவில் ஐந்தரை ஆண்டு படித்துப் பட்டம் பெற்றவரும், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் எடுத்தவரும் ஒரே பலகையை மாட்டலாம். எனவே எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள் என்று கேளுங்கள். மசாஜ் போன்ற சிறப்புச் சிகிச்சைகள் செய்யும் இடங்களுக்கு 1991 ஆம் ஆண்டின் இலண்டன் உள்ளூராட்சிச் சட்டத்தின் கீழ் கவுன்சில்கள் அனுமதிப்பத்திரம் வழங்குகின்றன. அது சுத்தத்தையும் பாதுகாப்பையும் பற்றியது, சிகிச்சை பலிக்கும் என்பதற்கான உத்தரவாதம் கிடையாது.

தாரை முடிந்தபின் சாப்பிடக் குளிசை அல்லது லேகியம் தந்தால் கூடுதல் கவனம் தேவை. 2008 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆய்வு, இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்து, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்ததைக் கண்டது. பிரித்தானியாவில் பதிவுபெற்ற மூலிகை மருந்துப் பெட்டியில் டிஎச்ஆர் என்ற எழுத்துகளும் இலக்கமும் இருக்கும். அவை இல்லாத, பெயர் ஒட்டாத போத்தல்களை விழுங்கவேண்டாம். ஊரிலிருந்து பயணப்பெட்டியில் வந்ததென்றாலும் அப்படித்தான்.

காசு விடயமும் உண்டு. குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலை செய்பவருக்கு ஒரு தடவைக்கான கட்டணமே அரைநாள் உழைப்பு ஆகிவிடும். 14 நாளுக்கு முழுப்பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காய்ச்சல், கடும் தடிமன், தலையில் காயம் அல்லது தோல் தொற்று உள்ளவர்கள் தவிர்க்கவேண்டும். கழுத்தெலும்பு வருத்தம், வலிப்பு, மிகக் குறைந்த இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் தமது வைத்தியரைக் கேட்கவேண்டும். கர்ப்பிணிகள் 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து நீண்டநேரம் படுப்பது நல்லதல்ல. எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நல்லெண்ணெய் ஆபத்து. இங்கே பிறந்த பிள்ளைகளில் இந்த ஒவ்வாமை இருந்தால் பாடசாலையில் பதிவாகியிருக்கும், பாட்டி தாத்தாவுக்குத்தான் தெரியாமல் இருக்கும். சிகிச்சை முடிந்தவுடன் கார் ஓட்டவேண்டாம். அரை நித்திரையில் இருப்பீர்கள்.

வீட்டு முழுக்கு

தாரையை வீட்டில் தனியாகச் செய்ய முயலவேண்டாம். சூடு பிழைத்தால் கண்ணும் நெற்றியும் வேகும். ஆனால் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகுவதற்கு எவரும் தேவையில்லை. ஊரில் சனிக்கிழமை என்றால் முற்றத்தில் வாங்கில் இருந்து, அரப்பும் தேசிக்காயும் போட்டுக் கிணற்றடியில் முழுகியவர்கள் நாங்கள். வருடப்பிறப்புக்குக் கோயிலில் வாங்கிய மருத்துநீரைப் பெரியவர்கள் தலையில் வைத்துவிடுவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வழக்கம்தான். இங்கே வாடகை வீட்டுக் குளியலறையில் அது குறைந்துபோயிற்று. எண்ணெய் வைத்த தலையோடு வேலைக்குப் போகமுடியாது, குளிரில் தலைமுடி காயாது, கம்பளத்தில் கறைபடும் என்று காரணங்கள் எல்லாம் நியாயமானவை.

முடிந்தவர்கள் இப்படிச் செய்யலாம். நல்லெண்ணெய்க் கிண்ணத்தைச் சுடுநீருக்குள் சில நிமிடம் வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், அதில் ஒரு பக்கம் கொதித்து ஒரு பக்கம் ஆறியிருக்கும். மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. உச்சியில் வைத்து, விரல் நுனியால் நெற்றிப்பொட்டு, பிடரி, காதின் பின்புறம் என்று மெல்லத் தேயுங்கள். மற்றவர் தேய்த்துவிட்டால் இன்னும் நல்லது. பதினைந்து, இருபது நிமிடம் கழித்து இளஞ்சூட்டு நீரில் முழுகி, உடனே முடியைக் காயவையுங்கள். வயதானவர்கள் குளியல் தொட்டிக்குள் எண்ணெய்க் காலோடு ஏறவேண்டாம். வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தால் அது வேறு கதை. தொட்டிக்கு வெளியே கதிரையில் இருத்தி, எண்ணெயைத் துடைத்த பிறகு ஏற்றுங்கள்.

மிஞ்சிய எண்ணெயைத் தொட்டிக் குழாயில் ஊற்றாமல் பழைய போத்தலில் விட்டுக் குப்பையில் போடுங்கள். எண்ணெய் தோய்ந்த துவாய்களை உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்தில் போடவே வேண்டாம். கழுவிய பிறகும் துணியில் தங்கியிருக்கும் எண்ணெய், சூடாகக் குவித்துவைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடியது. மசாஜ் நிலையங்களில் இப்படித் தீப்பிடிப்பது பற்றி இங்குள்ள தீயணைப்புத் துறையினர் எச்சரித்து வருகிறார்கள். அத்துவாய்களைக் கூடிய சூட்டு நீரில் தோய்த்து, கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.